எலுமிச்சை இலையில் வெள்ளிக் கோடு: சில கேள்விகள்

சார், மாடியில் வைத்திருக்கும் எலுமிச்சைக் கன்றில் கொழுந்து எல்லாம் சுருண்டு, நத்தை ஊர்ந்த மாதிரி வெள்ளிக் கோடாக இருக்கிறது. என்ன நோய்?

நோய் இல்லை, இலைத்துளைப்பான் புழு. கொழுந்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், கோட்டின் நடுவில் கறுப்பு நூல் போல ஓடுவது அதன் எச்சம், கோடு முடிகிற இடத்தில் மஞ்சளாகப் புழுவே படுத்திருக்கும். முட்டையிலிருந்து நேராக இலைக்குள் இறங்கி, மேல்தோலுக்கு அடியிலேயே சாற்றைக் குடித்து வளர்ந்து, கடைசியில் இலை ஓரத்தைப் பட்டு இழையால் மடித்து அதற்குள் கூட்டுப்புழுவாகிவிடும். நல்ல வெயில் காலத்தில் மொத்தமே இரண்டு வாரம்தான். 1856இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் இதற்குப் பெயர் வைத்தது கல்கத்தாவில் கிடைத்த பூச்சியைப் பார்த்துத்தான், ஆக நம்ம ஊர்ப் பழைய ஆள்.

இந்தப் புழு வளர்ந்தால் அந்துப்பூச்சி என்கிறார்கள், நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லையே?

எப்படிப் பார்ப்பீர்கள்? சிறகை விரித்தாலே 4 மில்லிமீட்டர்தான் இருக்கும், பகலில் அசையாது. பொழுது சாய்ந்த பிறகு வந்து கொழுந்தில் ஒவ்வொன்றாக முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். முற்றிய இலையைத் தொடாது.

மருந்து அடித்தும் கோடு போகவில்லை.

போகாது. அந்தக் கோடு இனி இலை உதிரும்வரை அப்படியேதான் இருக்கும், பாதி நேரம் பூச்சி பறந்துபோன பிறகுதான் நாம் மருந்தைத் தூக்குகிறோம். துளிர் விரல்நுனி அளவு இருக்கும்போதே வேப்பங்கொட்டைச் சாறு தெளியுங்கள்: கொட்டைக்குள் இருக்கும் பருப்பு 50 கிராம் இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலத்தில். யூரியாவை அள்ளிப் போட்டுத் துளிரை வரவழைப்பதையும் நிறுத்துங்கள், அது பூச்சிக்கு விருந்து. காய்க்கிற பெரிய மரம் என்றால் நான் ஒன்றுமே செய்ய மாட்டேன், இந்தப் புழுவைக் கொல்லும் குட்டிக் குளவிகள் பார்த்துக்கொள்ளும்.

சுருண்ட இலையைக் கிள்ளி எறியலாமா?

வேண்டாம், மிச்சமிருக்கும் பச்சை செடிக்குச் சாப்பாடு. கிள்ளினால் புதுத் துளிர் வரும், மறுபடி அதே கதை. ஆனால் கோட்டை ஒட்டிச் சொரசொரப்பான பழுப்புப் புள்ளியும் சுற்றி மஞ்சள் வளையமும் தெரிந்தால் அது சொறி நோய், புழு கிழித்த இடம் வழியாகப் பாக்டீரியா நுழைந்திருக்கிறது, அந்த இலையை மட்டும் எடுத்து எரித்துவிடுங்கள்.

தக்காளி இலையிலும் பாம்பு மாதிரி வெள்ளைக் கோடு, எலுமிச்சையிலிருந்து பரவியதா?

இல்லை. அது பெரும்பாலும் ஒரு குட்டி ஈயின் வேலை, எலுமிச்சைப் பூச்சிக்குத் தக்காளி ஆகாது.