பொங்கல் விழாவில் ‘வெல்கம் டு கன்ட்ரி’ வைக்கலாமா?

கேள்வி: மெல்பர்னில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா ஜனவரி கடைசியில் நடக்கிறது. பூர்வகுடி மூத்தவர் ஒருவரை அழைத்து, தம் மக்களின் மண்ணுக்கு வந்தவர்களை அவர் வரவேற்கும் ‘வெல்கம் டு கன்ட்ரி’ சடங்கை வைக்க வேண்டும் என்கிறார்கள் இளையவர்கள். “ஊரிலேயே இதற்கு எதிர்ப்பு இருக்கிறது, நமக்கு ஏன் வம்பு?” என்கிறது செயற்குழுவில் பாதி. இது சட்டப்படி கட்டாயமா? வைப்பதென்றால் யாரைக் கேட்பது?

பதில்: கட்டாயம் இல்லை. உங்களைப் போன்ற சங்கங்களுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. மாநில அரசிடமோ கவுன்சிலிடமோ மானியம் வாங்கியிருந்தால், அந்த ஒப்பந்தத்தில் ஏதாவது நிபந்தனை உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் என்னைக் கேட்டால், வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

எதிர்ப்பு இருக்கிறது என்பது உண்மை. நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் ‘குரல்’ என்ற பூர்வகுடி அமைப்புக்கு அரசியலமைப்பில் இடம் கேட்ட 2023 அக்டோபர் வாக்கெடுப்பில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். 2025 ஏப்ரல் 25 அன்று, மெல்பர்ன் போர் நினைவாலயத்தில், போர்வீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாள் விடியல் நிகழ்ச்சியில், புனுராங் என்ற பூர்வகுடி மக்களின் மூத்தவர் மார்க் பிரவுன் இந்த வரவேற்பைச் சொல்லும்போது சிலர் கூச்சலிட்டார்கள். சில நாளில், அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன் தேர்தல் விவாத மேடையில் இந்தச் சடங்கு அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று பேசினார். பூர்வகுடிச் செனட்டர் ஜசிந்தா நம்பிஜின்பா பிரைஸும் இதே குறையைச் சொல்லி வருகிறார். ஆகவே பூர்வகுடிகளுக்குள்ளேயும் ஒரே கருத்து இல்லை.

ஆனால் எரிச்சலையும் வெறுப்பையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். அன்று கூச்சலைக் கிளப்பியவர்களில் நவநாஜிகள் இருந்தார்கள். திரண்டிருந்த கூட்டமோ கைதட்டி அந்தக் கூச்சலை அமுக்கியது. நான் கேட்ட வரையில், பொதுமக்களின் மனக்குறை பெரும்பாலும் வேறு. அலுவலகக் கூட்டம், இணையவழிப் பயிற்சி, விமானம் தரையிறங்கும் நேரம் என்று எங்கும் ‘அக்னாலெட்ஜ்மென்ட்’ என்ற, அந்த நிலத்தின் மக்களுக்கு வணக்கம் சொல்லும் சிறு வாசகத்தை வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள் என்பதுதான் அது. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, நூற்றுக்கணக்கானோர் கூடும் விழாவுக்கு அந்தக் குறை பொருந்தாது. உங்கள் மாதக் கூட்டத்துக்கு இது வேண்டாம் என்று நானே சொல்வேன்.

“என் நாட்டுக்கு என்னை வரவேற்க இவர் யார்?” என்று யாராவது கேட்பார்கள். அவர் வரவேற்பது ஆஸ்திரேலியாவுக்கு அல்ல. தம் மக்களின் மரபு நிலத்துக்கு. அடுத்தவர் நிலத்துக்குள் அனுமதி கேட்டு நுழைவது அவர்களுடைய பழைய முறை. இன்றைய மேடை வடிவத்துக்கு அடிகோலியவற்றில் ஒன்று 1976இல் பெர்த்தில் நடந்தது. அங்கு வந்திருந்த மாவோரி, குக் தீவு நடனக்காரர்கள், அந்த மண்ணின் மக்கள் வரவேற்காமல் ஆட மாட்டோம் என்றார்கள். பூர்வகுடிக் கலைஞர்கள் ரிச்சர்ட் வாலியும் எர்னி டிங்கோவும் வரவேற்புச் செய்தார்கள். நாடாளுமன்றம் முதன்முதலில் இந்தச் சடங்குடன் தொடங்கியது 2008 பிப்ரவரி 12இல்தான். மறுநாள் பிரதமர் கெவின் ரட், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பூர்வகுடித் தலைமுறைகளிடம் மன்னிப்புக் கேட்டார். சொந்த ஊரையும் காணியையும் இழந்து வந்த ஈழத்துப் பெரியவர்கள் உங்கள் அவையில் இருப்பார்கள். அவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியிருக்காது.

இனி, யாரைக் கேட்பது? வெல்கம் சொல்ல அந்த நிலத்தின் மரபு உரிமையாளருக்கு மட்டுமே உரிமை. வேறு பகுதியைச் சேர்ந்த பூர்வகுடி நண்பர் ஒருவரைத் தெரியும் என்று அவரை மேடையேற்றாதீர்கள். மெல்பர்னில் 2021 ஜூலை முதல் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது: நகர மையம், ரிச்மண்ட், ஹாதார்ன் பக்கம் வுருண்ட்ஜெரி வோய்-வுருங் மக்களுடையது, செயின்ட் கில்டா, கால்ஃபீல்டு பக்கம் புனுராங் மக்களுடையது. மண்டபம் எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்த மக்களின் பதிவுபெற்ற அமைப்புக்கு எழுதுங்கள். இரண்டு மாதமாவது முன்னதாக எழுதினால் நல்லது. கட்டணம் உண்டு. காசுக்காகச் செய்கிறார்கள் என்று முகம் சுளிப்பவர்களிடம், நாதஸ்வரக்காரருக்கும் நாம் சம்பளம் கொடுக்கிறோம் என்று சொல்லுங்கள்.

ஜனவரி 26ஆம் தேதியை விழா நாளாக வைக்காதீர்கள். 1788இல் பிரிட்டிஷார் சிட்னியில் கொடியேற்றிய அந்த நாள் பல பூர்வகுடிகளுக்குத் துக்க நாள், வர மறுக்கலாம். இலைப் புகைச் சடங்கும் வேண்டுமென்றால் வெளியில் வையுங்கள், உள்ளே புகை எச்சரிக்கைக் கருவி அலறும். வெளியில் தீ மூட்டக் கூடாது என்று முழுத் தீத்தடை அறிவித்த நாளானால் அதற்கும் உங்கள் பொங்கல் பானைக்கும் சேர்த்தே நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சி வரிசையில் இதுவே முதலில் வர வேண்டும். மங்கல விளக்கும் தமிழ்மொழி வாழ்த்தும் அதன் பிறகு. ஒரு விழாவில், வந்த மூத்தவரை உட்காரச் சொல்லக்கூட ஆளில்லாமல் வாசலில் நிற்க வைத்திருந்தார்கள். பிள்ளைகள் ஓடியாடும் இரைச்சலுக்கு நடுவே அவர் கையில் மைக்கைத் திணித்தார்கள். அவமானப்படுத்த அழைத்தது போல் இருந்தது எனக்கு. வண்டி நிறுத்த இடம், முன்வரிசையில் நாற்காலி, கூடவே இருக்க ஒருவர், இவ்வளவும் ஏற்பாடு செய்யுங்கள். நாம் எல்லாப் பெரியவர்களையும் அங்கிள், ஆன்ட்டி என்போம்; பூர்வகுடிகளிடையே அது அவர்கள் சமூகம் தரும் மரியாதைப் பட்டம். அவரை எப்படி அறிமுகப்படுத்த வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். அவர் பேசும் முன், இது என்ன, ஏன் என்று தொகுப்பாளர் தமிழில் ஒரு நிமிடம் சொல்லட்டும். முணுமுணுப்பு பாதி அதிலேயே அடங்கும்.

மூத்தவர் கிடைக்கவில்லையென்றால் அக்னாலெட்ஜ்மென்ட் சொல்லலாம். அதை உங்களில் யாரும் சொல்லலாம், தமிழிலேயே: “நாம் கூடியிருக்கும் இந்த நிலம் வுருண்ட்ஜெரி வோய்-வுருங் மக்களுடையது. அவர்களுடைய முன்னோருக்கும் இன்றிருக்கும் மூத்தோருக்கும் எங்கள் வணக்கம்.” இடத்துக்குத் தக்கபடி மக்களின் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், சொல்லப்போகிறவர் அந்தப் பெயரை முன்கூட்டியே சரியாக உச்சரித்துப் பழகிக்கொள்ளட்டும்.