இனிஷியலும் முத்திரையும்: அமீரகம் போகும் ஆசிரியர்களின் கேள்விகள்

ஷார்ஜா பள்ளி ஒன்றில் 14 வருடம் இயற்பியல் நடத்திவிட்டு ஊர் திரும்பியவன் நான். இப்போது அங்கே போகிறவர்களின் காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் அங்கே ஏப்ரலில் திறக்கும். பிரிட்டிஷ், அமெரிக்கப் பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியில். அதனால் பொங்கல் முடிந்த கையோடு என் இன்பாக்ஸ் நிறைந்துவிடும். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பொதுவான சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் 'கே. மாலதி', பி.எட். சான்றில் 'மாலதி கே', பாஸ்போர்ட்டில் வெறும் 'மாலதி'. சர்நேம் கட்டம் காலி. ஆஃபர் லெட்டர் வரப்போகிறது. இது பிரச்சினையாகுமா?

ஆகும். தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இங்கேதான் பிறக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. பாஸ்போர்ட்டிலோ இனிஷியலுக்கு இடமில்லை, விரித்துத்தான் எழுதவேண்டும். விரிக்கச் சோம்பல்பட்டவர்கள் பெயரை மட்டும் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை உள்ளே விடமாட்டோம் என்று அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று சில நாளில் ஒரு விளக்கமும் வந்தது. அந்த விளக்கத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். விமான நிலைய கவுன்டரில் இருப்பவரிடம் நீங்கள் அதை எடுத்துச் சொல்லிப் புரியவைக்க வேண்டிவரும். அது ராத்திரி இரண்டு மணிக்கு நடக்கும்.

அப்பா பெயரை சர்நேமாகச் சேர்த்து பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்யுங்கள். அதையும் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள். போலீஸ் சான்று, வேலை ஒப்பந்தம், விசா எல்லாமே பாஸ்போர்ட் எண்ணை ஒட்டித்தான் வரும். நடுவில் பாஸ்போர்ட் மாறினால் மற்ற காகிதங்களை மறுபடி முதலிலிருந்து எடுக்கவேண்டும்.

சான்றிதழில் 'கே' முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் பெரிய விஷயமில்லை. மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்துக் கையில் வைத்திருங்கள். ஒரு சான்றில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் கணவர் இனிஷியல் என்றால் அது போதாது; அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடவேண்டி வரலாம். புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த நேரத்தில் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்கும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். உங்கள் பட்டச் சான்றுக்கு அவரைத் தெரியாது.

சான்றிதழ் அட்டெஸ்டேஷனுக்கு ஏஜென்ட் பெரிய தொகை சொல்கிறார். அப்படி என்னதான் செய்கிறார்கள்? அப்போஸ்டில் என்றும் சொல்கிறார்கள், அது வேறா?

வேறுதான். எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்பதை வைத்து அது மாறும். அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகளுக்கு, மாநில முத்திரைக்குப் பின் நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் ஒரே ஒரு ஸ்டிக்கர் போதும், தூதரகம் போகவேண்டாம். இந்தியா 2005 முதல் இதில் இருக்கிறது. வளைகுடாவில் ஓமனும் பஹ்ரைனும் சில வருடங்களாகவே உண்டு, சவூதி அரேபியா 2022 டிசம்பரில் சேர்ந்தது. அமீரகம், கத்தார், குவைத் மூன்றும் சேரவில்லை. அங்கே போகிறவர்களுக்குப் பழைய நீள வழிதான்.

அமீரகத்துக்கான வழி இது. முதலில் உங்கள் பல்கலைக்கழகத்திடம் உண்மைத்தன்மைச் சான்று. அப்புறம் சென்னைத் தலைமைச் செயலகத்தில் உயர்கல்வித் துறையின் முத்திரை. ஏஜென்ட்கள் 'எச்ஆர்டி' என்று சொல்வது இதைத்தான். அடுத்து வெளியுறவு அமைச்சகம். அதற்குப் பின் அமீரகத் தூதரகம். கடைசியில் அமீரகத்தின் வெளியுறவு அமைச்சகம். ஒருவர் கையெழுத்தை அடுத்தவர் உறுதிப்படுத்துகிறார், அவ்வளவுதான். அதனால் வரிசையை மாற்ற முடியாது.

இதில் அரசுக் கட்டணம் சின்னது. அப்போஸ்டிலுக்கு ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் தனி. அமீரகத் தரப்பின் கட்டணம்தான் கனமானது, அதை யாரும் தவிர்க்க முடியாது. மீதி எல்லாம் ஏஜென்ட்டின் அலைச்சலுக்குக் கொடுக்கும் கூலி. 2019 முதல் வெளியுறவு அமைச்சக வேலையை டெல்லிக்கு அனுப்பாமல் சென்னையிலேயே முடிக்கலாம் என்பதால், 'டெல்லி போய்வரச் செலவு' என்று பில்லில் இருந்தால் எதற்கு என்று கேளுங்கள்.

சில ஏஜென்ட்கள் மாநில முத்திரையை விட்டுவிட்டு டெல்லியில் எஸ்டிஎம் (கோட்ட மாஜிஸ்திரேட்) முத்திரை வாங்கித் தருவார்கள். சீக்கிரம் முடியும். ஆனால் கல்விச் சான்றுக்கு மாநிலக் கல்வித் துறை முத்திரைதான் வேண்டும் என்று அமீரகத் தரப்பு சொல்லிவிட்டால் கொடுத்த பணம் போச்சு. எந்த முத்திரை என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று: புரொவிஷனல் சான்றை வைத்து இதைத் தொடங்காதீர்கள். பட்டமளிப்புச் சான்று வாங்காமலே பத்து வருடம் பாடம் நடத்திக்கொண்டிருப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.

பட்டச் சான்றை லேமினேட் செய்துவிட்டேன். பரவாயில்லையா?

நானும் செய்தவன்தான். அப்பா பெருமையோடு கடைக்குத் தூக்கிப் போனார். முத்திரைகள் சான்றின் பின்பக்கத்தில் விழவேண்டும். பிளாஸ்டிக் மேல் எவரும் முத்திரை குத்தமாட்டார்கள். உரிக்கப் பார்த்ததில் என்னுடையதில் துணைவேந்தர் கையெழுத்து பாதி கவரோடு போய்விட்டது. பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட் கேளுங்கள். நாளாகும், அதனால் இன்றே.

தொலைதூரக் கல்வியில் எம்.எஸ்ஸி. முடித்தேன். பி.எட். ரெகுலர். அங்கே ஏற்பார்களா?

முத்திரை வேறு, சமநிலைச் சான்று வேறு. சான்று போலி இல்லை என்று முத்திரை சொல்கிறது. அது அமீரகப் பட்டத்துக்குச் சமம்தானா என்று பார்ப்பது அமீரக உயர்கல்வி அமைச்சகம். எந்த முறையில் படித்தீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். 2018 வாக்கில் நம் ஆசிரியர்கள் பலர் இதில் மாட்டிக்கொண்டார்கள். மார்க்‌ஷீட்டில் இன்டெர்னல், எக்ஸ்டெர்னல் மதிப்பெண் என்று இருக்குமல்லவா? அந்த 'எக்ஸ்டெர்னல்' என்ற சொல்லைப் பார்த்து, வெளியில் இருந்து படித்தவர் என்று எடுத்துக்கொண்ட கதையும் உண்டு.

ரெகுலர் இளங்கலையும் ரெகுலர் பி.எட்.டும் இருந்தால் வேலைக்கு அவற்றை முன்னே வையுங்கள். எம்.எஸ்ஸி. எனக்கு இருக்கிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள், ஆனால் அதை நம்பிப் பதவியை ஒப்புக்கொள்ளாதீர்கள். ரெகுலர் படிப்பு, பயிற்றுமொழி, படித்த ஆண்டுகள் மூன்றையும் குறிப்பிட்டுக் கல்லூரி முதல்வரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டால் பின்னால் உதவும்.

விசிட் விசாவில் வந்து வகுப்பெடுக்கத் தொடங்குங்கள், ஒரு மாதத்தில் மாற்றிவிடுவோம் என்கிறது பள்ளி. ஏஜென்ட் 80,000 ரூபாய் கேட்கிறார். போகலாமா?

போகாதீர்கள்.

விசிட் விசாவில் போய் இன்டர்வியூ கொடுக்கலாம். அங்கேயே இருந்தபடி வேலை விசாவுக்கு மாறிக்கொள்ளவும் சட்டத்தில் இடமிருக்கிறது. தப்பு எங்கே என்றால், அனுமதி வருமுன் வகுப்பில் நிற்பதில். அப்படி வேலை வாங்கும் நிறுவனத்துக்கு 2024-ல் அபராதத்தை ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹம் வரை உயர்த்தியிருக்கிறார்கள். அதையும் மீறிக் கூப்பிடுகிற பள்ளி, உங்கள் சம்பளத்தில் என்னவெல்லாம் செய்யும் என்று யோசியுங்கள்.

முறையான வழியில், நீங்கள் ஊரில் இருக்கும்போதே அந்நாட்டு வேலைத்துறையின் ஆஃபர் லெட்டர் கையெழுத்துக்கு வரவேண்டும். அந்தப் படிவம் தமிழிலும் கிடைக்கும். கேட்டு வாங்கிப் படியுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, வீட்டு வாடகைப்படி எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். கடைசியில் கிடைக்கும் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்காகும். நான் சேர்ந்தபோது மொத்தத் தொகையைப் பார்த்து மயங்கியவன். 14 வருடம் கழித்துத்தான் அதன் அர்த்தம் புரிந்தது.

அந்தக் கையெழுத்துக்குப் பிறகு நுழைவு அனுமதி வரும். அங்கே போனதும் மருத்துவச் சோதனை, எமிரேட்ஸ் ஐடி, குடியிருப்பு விசா. ஆசிரியருக்கு இதோடு இன்னொரு படியும் உண்டு: துபாயில் கேஎச்டிஏ, அபுதாபியில் அடெக் போன்ற கல்வி ஆணையத்திடம் உங்கள் நியமனத்துக்குப் பள்ளி ஒப்புதல் வாங்கவேண்டும். விசா அடித்தாகிவிட்டது, ஒப்புதல் வரவில்லை என்று லைப்ரரியில் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

80,000 விஷயம்: இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், மேலே ஜிஎஸ்டி. அமீரகச் சட்டமோ ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டவே கூடாது என்கிறது. ஏஜென்ட்டின் உரிம எண்ணைக் கேட்டு, நம் வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் தேடுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கினால் அங்கேயே எழுந்துவிடுங்கள். 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷனிலும் பதிந்து வைக்கலாம்.

என் பாஸ்போர்ட்டில் ஈசிஎன்ஆர் (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவையில்லை) முத்திரை இல்லை. அடிக்கவேண்டுமா?

வேண்டாம். 2007 முதல் அந்த முத்திரையே அடிப்பதில்லை. 'ஈசிஆர்' (அனுமதி தேவை) என்று அச்சாகாமல் இருந்தாலே நீங்கள் அந்தக் கட்டுப்பாட்டில் இல்லை. பத்தாம் வகுப்பு தேறியவருக்கு ஈசிஆர் வராது. தவறுதலாக இருந்தால் மார்க்‌ஷீட்டைக் காட்டி நீக்கிக்கொள்ளுங்கள்.

உள்ளூர் காவல் நிலையத்தில் நன்னடத்தைச் சான்று வாங்கியதைப் பள்ளி ஏற்கவில்லை.

வெளிநாட்டுக்குக் கேட்பது பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பிசிசி என்ற போலீஸ் சான்று. பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து 500 ரூபாய் கட்டவேண்டும். ரொம்ப முன்னால் எடுத்துவிடாதீர்கள். மூன்று மாதத்துக்குள் எடுத்ததாகவோ ஆறு மாதத்துக்குள் எடுத்ததாகவோ கேட்பார்கள். முன்பு வேறு நாட்டில் வேலை பார்த்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் கேட்கக்கூடும்.

இங்கே வேலையை எப்போது ராஜினாமா செய்வது?

நுழைவு அனுமதி கையில் வந்த பிறகு. அதற்கு முன்பே சொந்தச் செலவில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அங்கே போய்த் தேறாவிட்டால் திரும்பி வரவேண்டியதுதான். அதை இங்கேயே தெரிந்துகொண்டால் வேலையாவது மிஞ்சும். ராஜினாமா செய்யும்போது அனுபவச் சான்றை அதே பாஸ்போர்ட் பெயரில், சேர்ந்த தேதி, விலகிய தேதி, நடத்திய பாடம், வகுப்புகளோடு கேட்டு வாங்குங்கள். பழைய பள்ளிக்கு நீங்கள் வெளிநாடு போவது பிடிக்காது. சிரித்துக்கொண்டே வாங்குங்கள்.

சேர்ந்து இரண்டு மாதம்தான். பள்ளி ஒத்துவரவில்லை. விலகினால் தடை போடுவார்களா?

சொல்லிவிட்டு விலகினால் இல்லை. தகுதிகாண் காலம் அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குள் ஊர் திரும்புவதாக இருந்தால் 14 நாள் முன்பே எழுத்தில் கொடுக்கவேண்டும். அமீரகத்திலேயே வேறு பள்ளிக்குப் போவதென்றால் ஒரு மாத நோட்டீஸ்; உங்களைக் கூட்டிவந்த செலவைப் புதிய பள்ளி பழைய பள்ளிக்குத் தரவேண்டியிருக்கும். ஒன்றும் சொல்லாமல் கிளம்பிவிட்டால் ஒரு வருடம் வேலை அனுமதி கிடைக்காது. வாட்ஸ்அப்பில் சொன்னேன், வாயால் சொன்னேன் என்பதெல்லாம் பின்னால் செல்லாது. மெயில் அனுப்புங்கள்.

நான் ஆசிரியை. கணவரையும் குழந்தையையும் என் விசாவில் அழைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. மாதம் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் வீடும் இருந்தால், ஆணோ பெண்ணோ குடும்பத்தை அழைக்கலாம். திருமணச் சான்று பதிவாளர் தந்ததாக இருக்கவேண்டும். கோயில், தேவாலய ரசீது போதாது. அதற்கும் பிறப்புச் சான்றுக்கும் முத்திரைகள் தேவை. நீங்கள் கிளம்புமுன் எல்லாவற்றையும் சேர்த்தே முடித்துவிடுங்கள்.

மாலையில் டியூஷன் எடுத்தால் தப்பா?

அனுமதி இல்லாமல் எடுத்தால் தப்பு. முன்பு எல்லாருமே திருட்டுத்தனமாகத்தான் எடுத்தோம். 2023 டிசம்பரில் இதற்கென்றே தனி அனுமதி கொண்டுவந்தார்கள். இரண்டு வருடத்துக்குச் செல்லும், கட்டணம் இல்லை. பள்ளியில் வேலையில் இருப்பவர்களிடம் பள்ளியின் தடையின்மைச் சான்று கேட்பார்கள், சிக்கல் அங்கேதான்.

பாஸ்போர்ட்டையும் ஒரிஜினல் சான்றுகளையும் பள்ளி ஆபீஸில் வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். கொடுக்கவா?

முன்பு விசா அடிக்க பாஸ்போர்ட் சில நாள் அவர்களிடம் இருக்கும்; 2022 முதல் பாஸ்போர்ட்டில் விசா அடிப்பதில்லை. விசா வேலைக்கென்று கேட்டு வாங்கினாலும் அது முடிந்ததும் திருப்பிக் கேளுங்கள். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக்கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. சான்றிதழ்களைக் கொடுக்கும்போது என்னென்ன கொடுத்தீர்கள், எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதி, வாங்குபவரின் கையெழுத்தைப் பெறுங்கள். பத்திரமாக வைத்திருப்போம் மிஸ், கவலைப்படாதீர்கள் என்பார்கள். அந்தத் தாளை அப்போதும் நீட்டுங்கள்.