மண்ணுக்கடியில் போகும் மின்பைப்பில் எந்த ஃபிட்டிங்கைப் புதைக்கலாம், எதைப் புதைக்கக் கூடாது?

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கத்தில் உள்ள வீட்டில், மீட்டர் பாக்ஸிலிருந்து போர்வெல் மோட்டாருக்கும் கேட் தூண் விளக்குக்கும் மண்ணுக்கடியில் பிவிசி பைப் போடுகிறீர்கள். வழியில் வரும் பெண்டு (வளைவுத் துண்டு), கப்ளிங் (இணைப்புத் துண்டு), ஜங்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் மண் தள்ளி மூடிவிடலாமா என்பது உங்கள் முதல் கேள்வி. அமெரிக்கக் காணொளியில் 18 அங்குல ஆழம் என்கிறார்கள், எலக்ட்ரீஷியன் ஒரு அடி போதும் என்கிறார், இதில் எது சரி என்பது இரண்டாவது.

பைப்பையும் பைப்பையும் சேர்ப்பதற்காக மட்டும் இருக்கும் கப்ளிங்கையும் பெண்டையும், சொல்யூஷன் தடவி நன்றாக ஒட்டிய பிறகு, தாராளமாகப் புதைக்கலாம். ஆனால் ஸ்க்ரூ போட்ட மூடி உள்ள எதையும், அது ஜங்ஷன் பாக்ஸாக இருந்தாலும் மூன்று பக்கம் பிரியும், மூடி வைத்த டீ ஃபிட்டிங்காக இருந்தாலும், புதைக்கக் கூடாது. மூடி இருக்கிறது என்றால் என்றோ ஒருநாள் யாரோ அதைத் திறக்க வேண்டியிருக்கும் என்று பொருள். நம் நாட்டு வயரிங் நடைமுறை விதியான ஐஎஸ் (இந்தியத் தர நிர்ணயம்) 732, திறந்து பார்ப்பதற்கான ஃபிட்டிங்குகள் எப்போதும் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்றே எதிர்பார்க்கிறது. அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு, 314.29 என்ற பிரிவில், மண்ணையோ நடைபாதையையோ தோண்டாமல் பாக்ஸை அடைய முடிய வேண்டும் என்று இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது.

அந்தப் பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. பாக்ஸின் மேலே சரளையோ, ஒட்டாமல் உதிரும் மணலோ மட்டும் இருந்தால் மூடலாம் என்பதைப் படித்துவிட்டு, நம் கடற்கரை மண் அப்படித்தானே இருக்கிறது என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்த விலக்கு, புதைப்பதற்கென்றே சோதித்துச் சான்று பெற்ற பாக்ஸுக்கு மட்டும் உரியது. அது இருக்கும் இடத்தையும் மேலே தெளிவாக அடையாளப்படுத்தியிருக்க வேண்டும். கடையில் நாம் சாதாரணமாக வாங்கும் பிவிசி ஜங்ஷன் பாக்ஸ் சுவருக்கும் கூரைக்கும் செய்யப்பட்டது. ஆகவே விளக்குக்குக் கிளை பிரிக்கும் இடத்தில், தரைமட்டத்துக்குச் சற்று மேலே மூடி வரும்படி செங்கல் தொட்டி ஒன்று கட்டி, அடியில் ஜல்லி போட்டு நீர் இறங்க வழிவிடுங்கள். பாக்ஸைத் தொட்டியின் தரையில் வைக்காமல் பக்கச் சுவரில் உயர்த்திப் பொருத்துங்கள். இதைவிட நல்லது, கிளையை மீட்டர் பாக்ஸிலேயே பிரித்து இரண்டு தனி கேபிள்களாகக் கொண்டுபோவது. கேபிள் செலவு சற்றுக் கூடினாலும் மண்ணுக்கடியில் ஒரு ஜாயிண்ட்கூட இராது.

சப்மெர்சிபிள் மோட்டாரில் தண்ணீருக்குள்ளேயே ஜாயிண்ட் போடுகிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். அது நீர் புகாதபடி ரப்பர் டேப்பைப் பல சுற்று இழுத்துச் சுற்றிச் செய்வது. மோட்டாரைத் தூக்கும்போதெல்லாம் மேலே வந்து கண்ணில் படுவது. மண்ணில் நிரந்தரமாகப் புதைக்க வேண்டிய ஜாயிண்ட் என்றால், அதற்கென விற்கும் ரெசின் ஊற்றும் ஜாயிண்ட் கிட் தேவை. பாக்ஸுக்குள் முறுக்கி இன்சுலேஷன் டேப் ஒட்டிய ஜாயிண்ட்டை இதற்கு ஈடாகக் கொள்ள முடியாது.

இனி ஆழம். காணொளியில் சொன்ன 18 அங்குலம், அமெரிக்க விதியில் பிவிசி பைப்புக்கு உரிய பொதுவான அளவுதான். அங்கேயும் 12 அங்குலம் அனுமதிக்கப்படுவது, 120 வோல்ட்டுக்கும் 20 ஆம்பியருக்கும் மிகாமல், கசிவு மின்னோட்டத்தில் உடனே துண்டிக்கும் பாதுகாப்புள்ள வீட்டுச் சுற்றுக்கு மட்டுமே. நம்முடையது 230 வோல்ட் என்பதால் அந்தச் சலுகையை இங்கே காட்ட வழியில்லை. கெட்டியான இரும்புப் பைப்புக்கு அங்கே 6 அங்குலம் போதும் என்றாலும், உப்பு ஏறிய நம் கரையோர மண்ணில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பையும் அதன் ஃபிட்டிங்கையும் புதைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தியாவில் கேபிள் பதிப்பதற்கான ஐஎஸ் 1255, 1100 வோல்ட் வரையுள்ள கேபிளுக்கு 75 செ.மீ., சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு மீட்டர் என்று வகுக்கிறது. இந்த அளவுகள் தரைமட்டத்திலிருந்து கேபிளின் மேற்புறம் வரைக்குமானவை. பைப்பின் கனத்தையும் அடியில் போடும் மணலையும் சேர்த்தால் பள்ளம் இன்னும் ஆழமாக வேண்டும். கூலிக்குத் தோண்டுபவரிடம் இதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள், பின்னால் சொன்னால் சண்டைதான் வரும்.

பைப் எவ்வளவு இறுக்கமாக ஒட்டப்பட்டிருந்தாலும் உள்ளே தண்ணீர் வரும் என்று வைத்துக்கொண்டே கேபிளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிலத்தடிப் பைப்பின் உட்புறம் ஈரமான இடமாகவே கருதப்பட வேண்டும் என்பது அமெரிக்க விதியில் உள்ள வாசகம். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது கடலூரிலும் புதுச்சேரியிலும் பெய்த மழையைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே சுவருக்குள் இழுக்கும் ஒற்றைக் கம்பிகள் வேண்டாம். ஐஎஸ் 1554 அல்லது ஐஎஸ் 7098 முத்திரையுள்ள ஆர்மர்டு கேபிளை வாங்குங்கள். அதன் இரும்புக் கவசத்தை, கேபிள் முனையை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டு போட்டு எர்த்துடன் சேர்க்க வேண்டும்.

ஆர்மர்டு கேபிள் என்றதும் பெண்டின் கதை மாறிவிடும். உள்ளே பல கம்பிகள் உள்ள பல கோர் கேபிளைக் குறைந்தது அதன் வெளிவிட்டத்தைப் போல 12 மடங்கு ஆரத்தில்தான் வளைக்கலாம்; வெளிவிட்டம் 18 மி.மீ. என்றால் 216 மி.மீ. ஆகிறது. குட்டையான எல்போவில் அது திரும்பாது, வலிந்து இழுத்தால் மேலுறை கிழியும். எனவே வளைவில் நீண்ட பெண்டு வையுங்கள், அல்லது நிலத்தடிக்கென்றே வரும் இரட்டைச் சுவர் நெளிவுப் பைப்பை, அதாவது டிடபிள்யூசி பைப்பை, வாங்கி வளைவிலும் ஃபிட்டிங் இல்லாமல் கொண்டுபோங்கள்.

பைப்பின் இரு முனைகளையும் கெட்டியாகாத களிம்பு வைத்து அடைத்தால் எறும்பும் பல்லியும் மீட்டர் பாக்ஸுக்குள் ஏறாது. இந்தச் சுற்றுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கசிவு மின்னோட்டத்தில் உடனே துண்டிக்கும் சுவிட்ச், கட்டாயம் இருக்கட்டும். வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடமே கொடுங்கள். பைப்பின் மேல் மணலும் செங்கல் வரிசையும் போட்டு, அதற்கு மேல் எச்சரிக்கை நாடாவை விரிப்பதற்கு முன், காம்பவுண்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளிப் பைப் போகிறது என்பது தெரியும்படி அளவு டேப்பை விரித்துப் படம் எடுத்து, அதை மீட்டர் பாக்ஸ் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.