மணிச்சத்து எந்த வழியாக வயலை விட்டுப் போகிறது?

மண் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்தன.

கேள்வி (திருவாரூர்): மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், யூரியாபோல ஓடாது என்கிறார்களே ஐயா. பிறகு குளத்துக்கு எப்படிப் போகிறது?

பதில்: ஒட்டிக்கொள்வது உண்மைதான். ஆனால் அந்த மண்ணே ஓடிவிடுகிறதே! கலங்கலாகப் போகும் ஒவ்வொரு மழைநீரிலும் மணிச்சத்து இருக்கிறது. 50 கிலோ டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உர மூட்டையில் தனிமமாகக் கணக்கிட்டால் சுமார் 10 கிலோ பாஸ்பரஸ். அதில் நூறில் ஒரு பங்கு, 100 கிராம், குளத்தில் கலந்தால் 33 லட்சம் லிட்டர் நீரில் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் கூடிவிடும். பாசி படர அவ்வளவே போதும். உங்களுக்கு அது அரைக் கிலோ உர நஷ்டம், கணக்கில்கூட வராது.

கேள்வி (நீலகிரி): உருளைக்கிழங்கும் கேரட்டும் போடும் சரிவு நிலம். மூன்று துண்டுகளில் எது ஆபத்தானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: குடை பிடித்துக்கொண்டு நல்ல மழையில் நிலத்தைச் சுற்றி நடங்கள். எந்தத் துண்டிலிருந்து செம்மண் கலந்த நீர் ஓடைக்கு இறங்குகிறது, எங்கே அது வேலியோரப் புல்லில் தங்கிவிடுகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் லெமுன்யனும் கில்பர்ட்டும் 1993-இல் வகுத்த பாஸ்பரஸ் குறியீடும், மண்ணில் சத்து எவ்வளவு, அது நீரை அடைய வழி உண்டா என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. சத்து மிகுந்தும் நீர் வெளியேறாத துண்டு அவ்வளவு கவலைக்குரியதல்ல. சத்து நடுத்தரமாக இருந்தாலும், பார்கள் (பயிர் நடும் மண்மேட்டு வரிசைகள்) சரிவோடு இறங்கி நேராக ஓடையில் முடிந்தால் அதற்குத்தான் முதலில் வைத்தியம். அங்கே சரிவுக்குக் குறுக்கே பார் பிடியுங்கள். உங்கள் மண் அமில மண், இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் பயிருக்குக் கிடைக்கவில்லை என்று மேலும் மேலும் கொட்டுகிறோம். கொட்டியதெல்லாம் மேல்மண்ணில் சேர்ந்து, அந்த மண்ணோடு இறங்குகிறது. பரிசோதனைக்குக் கொடுக்கும்போது பிரே முறையில் பார்க்கச் சொல்லுங்கள், அமில மண்ணுக்கு அதுதான் பொருந்தும்.

கேள்வி (நாமக்கல்): பத்து வருடமாகக் கோழி எருதான் போடுகிறேன். மண் அறிக்கையில் மணிச்சத்து "அதிகம்" என்று வந்திருக்கிறது. நல்லதுதானே?

பதில்: நல்லதல்ல. கோழி எருவில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் ஏறத்தாழ சரிசமமாக இருக்கின்றன. நெல்லுக்கோ, தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு மணிச்சத்துதான் பரிந்துரை. தழைச்சத்துக்காக எருவை அளந்து போட்டால் மணிச்சத்து ஆண்டுதோறும் மிஞ்சிக்கொண்டே வரும். ஓல்சன் என்ற மண் பரிசோதனை முறையில் ஏக்கருக்கு 9 கிலோவைத் தாண்டினாலே "அதிகம்". இந்தப் பருவம் கோழி எருவையும் டிஏபியையும் நிறுத்திவிட்டு, தழைச்சத்துக்கு யூரியா கொடுங்கள். எருவைச் சத்துக் குறைந்த அண்டை நிலத்தாருக்கு விற்றுவிடலாம்.

கேள்வி (தஞ்சாவூர்): நடவுக்குப் பின் டிஏபி தூவினேன். மறுநாளே கனமழை, மடையைத் திறந்துவிட்டேன். தவறா?

பதில்: பயிர் மூழ்கும் நிலையில் வேறு வழியில்லை. ஆனால் உரம் போட்ட முதல் சில நாள்களில் வடியும் நீர்தான் மிகவும் செறிவானது. அடுத்த முறை கடைசி உழவுக்கு முன் அடியுரமாகப் போட்டு மண்ணோடு கலந்துவிடுங்கள். திறக்க நேர்ந்தால் மடையை அடிவரை வெட்டாமல், மேல்நீர் மட்டும் வழியும்படி விடுங்கள்.

கேள்வி (ஈரோடு): வாய்க்கால் ஓரம் புல் வளர்த்தால் போதுமா?

பதில்: மண்ணைத் தடுக்கும். நீரில் கரைந்துவிட்ட மணிச்சத்தை அவ்வளவாகத் தடுக்காது, அதற்கு உர அளவைத்தான் குறைக்க வேண்டும்.