மகன் செய்திக்கு ஒரு வரி போதும்

கேள்வி: நம் இதழில் மாதாமாதம் வரும் 'பழைய மாணவர் பக்கம்' படிக்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது. ஒருவர் டெக்சாஸில் மேலாளர், இன்னொருவருக்குப் பெங்களூரில் கிரகப்பிரவேசம், மூன்றாமவர் மகளுக்கு மருத்துவ சீட். ஊரோடு இருப்பவர்கள் யாரும் பட்டமே வாங்கவில்லையா? நானும் 1996இல் கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்தவள்தான். கல்யாணமாகிப் பாலக்கோடு பக்கம் வந்தேன். தக்காளி போடுகிறோம், மண்டிக் கணக்கு நான் பார்க்கிறேன், சாயங்காலம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். மகன் பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பள்ளியில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன். கல்லூரியிலும் இதுவரை ஒரு அரியர் கிடையாது. ஓசூரில் ஒரு பெரிய கம்பெனியில் பயிற்சிக்குக்கூடப் போய்வந்துவிட்டான். இந்தத் தற்பெருமைப் பக்கத்தை நிறுத்திவிட்டு வேலைவாய்ப்புச் செய்தி போட்டால் பிள்ளைகளுக்காவது உபயோகப்படுமே?

ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: நிறுத்துவதாக இல்லை, சகோதரி. உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது பாய வேண்டிய இடம் வேறு. உங்கள் கடிதத்தையே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மண்டிக் கணக்குக்கு நாலு வார்த்தை. மகனுக்கு நாலு வாக்கியம். டெக்சாஸ்காரர் செய்ததும் இதைத்தானே? அவர் எழுதினால் தற்பெருமை, நாம் எழுதினால் தகவலா?

வருவதைத்தான் நாங்கள் போடுகிறோம். டெக்சாஸிலிருந்து படத்தோடு மின்னஞ்சல் வந்துவிடுகிறது. பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் வருவதில்லை. நாங்களாகவே கூப்பிட்டுக் கேட்டால், "சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லீங்க சார்" என்று போனை வைத்துவிடுகிறார்கள். இப்படிச் சொல்பவர்களில் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் உண்டு, மாங்கூழ் ஆலையில் தரம் பார்க்கிறவர் உண்டு, மலையூரில் ஆசிரியராக இருப்பவரும் உண்டு. ஒதுங்கிக்கொள்கிற இவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் அந்தப் பக்கத்தைப் பொய்யாக்குகிறார்கள். அதில் அச்சாகும் ஒவ்வொரு வரியும் உண்மை, மொத்தமாகப் படித்தால் பொய். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அதைப் படித்தால் என்ன நினைக்கும்? பட்டம் வாங்கினால் விமானம் ஏற வேண்டும், ஏறாதவர்கள் தோற்றவர்கள் என்றுதான். அந்தப் பிள்ளை உங்களிடம் டியூஷனுக்கு வருகிற பிள்ளையாகவும் இருக்கலாம்.

பழைய மாணவர் செய்தி போடும் இந்த வழக்கம் அமெரிக்கக் கல்லூரிகளில் ரொம்பப் பழையது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துப் பழைய மாணவர் இதழ் 1900இல் தொடங்கி இன்றும் வருகிறது. ஒரே ஆண்டில் பட்டம் வாங்கியவர்கள் சேர்ந்தது ஒரு வகுப்பு, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு செயலாளர் உண்டு. யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை, யார் காலமானார் என்று திரட்டி எழுதுவது அவர் வேலை. பிள்ளைகள் செய்தியை அங்கே விரும்பிப் போடுவதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. பல தனியார் பல்கலைக்கழகங்களில் பழைய மாணவரின் பிள்ளைக்குச் சேர்க்கையில் தனிச் சலுகை கிடைக்கும், பழைய மாணவரிடமிருந்து நன்கொடை வரும். இது அநியாயம் என்று கலிபோர்னியா 2024இல் சட்டம் போட்டு, 2025 செப்டம்பரிலிருந்து அங்குள்ள தனியார் கல்லூரிகளிலும் அந்தச் சலுகையைத் தடை செய்திருக்கிறது. நம் அரசுக் கல்லூரியில் மதிப்பெண்ணும் இடஒதுக்கீடும்தான் பேசும். அப்பா இதே வகுப்பறையில் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு அரை மதிப்பெண்கூடச் சேராது. பிள்ளையின் சீட்டைப் பத்து வரியில் எழுத இங்கே அந்தச் சாக்கும் கிடையாது.

ஹார்வர்டில் நடந்தது ஒன்று சொல்கிறேன். அங்கே வகுப்பு அறிக்கை என்று புத்தகமாகவே போடுவார்கள். படிவம் வரும்: முகவரி, தொழில், பெற்ற விருதுகள். 1962ஆம் ஆண்டு வகுப்பின் பொன்விழா 2012இல் வந்தபோது, நிரப்பிய படிவங்களில் தியோடர் கசின்ஸ்கியுடையதும் இருந்தது. தபாலில் வெடிகுண்டு அனுப்பி 3 பேரைக் கொன்று, 23 பேரைக் காயப்படுத்திய ஆள். தொழில் என்ற இடத்தில் 'கைதி'. விருதுகள் என்ற இடத்தில் 'எட்டு ஆயுள் தண்டனைகள்', கொடுத்த நீதிமன்றத்தின் பெயரோடு. முகவரிக்குச் சிறையின் தபால் பெட்டி எண். புத்தகத்திலும் அப்படியே வந்துவிட்டது. அப்புறம் பழைய மாணவர் சங்கம் வருத்தம் தெரிவித்தது வேறு விஷயம். ஆயுள் கைதிக்கே படிவத்தை நிரப்பத் தயக்கம் இல்லை. தக்காளி விளைவிப்பவருக்கு ஏன் இவ்வளவு கூச்சம்?

அதே ஹார்வர்டில் 1938இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 268 மாணவர்கள், எல்லோரும் ஆண்கள், பின்னால் குடியரசுத் தலைவரான கென்னடியும் அதில் ஒருவர். வேலை, உடம்பு, குடும்பம் என்று வாழ்நாள் முழுக்கக் கேள்வித்தாள் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பாஸ்டனின் ஏழைத் தெருக்களில் வளர்ந்த 456 பையன்களும், பிற்பாடு மனைவிமாரும் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஐம்பது வயதில் யாருக்கு உறவுகள் நன்றாக இருந்ததோ அவர்களே எண்பதில் ஆரோக்கியமாக இருந்தார்கள், கொழுப்பு அளவைப் பார்ப்பதைவிட இதைப் பார்த்தால் நன்றாகக் கணிக்க முடிகிறது என்பது அதில் தெரியவந்த ஒன்று. எப்படித் தெரிந்தது? குடியில் விழுந்தவர், மணமுறிவு கண்டவர், வேலை போனவர் எல்லோரும் பதில் எழுதியதால்தான். ஜெயித்தவர்கள் மட்டும் எழுதியிருந்தால் அது ஆய்வாக இருந்திருக்காது, வாழ்த்து மடலாகத்தான் இருந்திருக்கும்.

நம் பக்கத்துப் படிவங்களின் கதை வேறு. கல்லூரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் தேசிய அமைப்பான 'நாக்' (NAAC) குழு வரப்போகிறது என்றால்தான் கல்லூரிக்குப் பழைய மாணவர் நினைவு வருகிறது. நாக்கின் ஏழு அளவுகோல்களில் ஐந்தாவதற்குள் பழைய மாணவர் பங்களிப்பும் அடக்கம். சங்கம் பதிவாகியிருக்கிறதா, என்ன கொடுத்தார்கள் என்று கேட்பார்கள். தேசியத் தரவரிசையில் மாணவர் வாங்கும் சம்பளத்தையும் கேட்கிறார்கள். ஆகவே கூகுள் படிவத்தில் 'நிறுவனம்', 'பதவி', 'ஆண்டுச் சம்பளம்' என்று மூன்று கட்டம் வந்துவிடுகிறது. உங்கள் தோட்டம் எந்தக் கட்டத்தில் போகும்? கட்டத்தில் அடங்காதவர் படிவத்தை மூடிவிடுகிறார், கல்லூரியும் அவர் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறது.

உங்கள் தலைமுறைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நீங்கள் படித்தபோது கிருஷ்ணகிரி தர்மபுரி மாவட்டத்துக்குள் இருந்தது, தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது 1997இல். உங்கள் பட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் என்றுதான் இருக்கும். சென்னைக்கு நீங்கள் எங்கோ மேற்கு மூலை. சேலத்துக்கோ, அது கொடுத்த பட்டமே இல்லை. பெண்களாக இருந்துவிட்டால் தேடுவது இன்னும் கஷ்டம். கல்லூரிப் பதிவேட்டில் அப்பா இனிஷியல், கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்காரர் இனிஷியல், போன் நம்பரும் அவர் பெயரில். வகுப்பு வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்கள், உடன் படித்த பெண்களில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். ஏதாவது கல்யாண மண்டபத்தில் எதிர்ப்பட்டால்தான் உண்டு.

குடும்பச் செய்தி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும், ஆனால் திசையை மாற்றுங்கள். எங்களுக்கு வருகிற குடும்பச் செய்தியெல்லாம் கீழே பார்க்கிறது: மகன், மகள், பேரன். மேலே பார்த்து ஒருவரும் எழுதுவதில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரி, 68.5 சதவீதம். இந்த ஊரில் ஒருவர் பட்டம் வாங்கினார் என்றால், அந்த வீட்டில் இன்னொருவர் படிப்பை விட்டார் என்று பல இடங்களில் அர்த்தம். எட்டாவதோடு நின்று பெங்களூரில் சித்தாள் வேலைக்குப் போன அண்ணன், தம்பியின் பரீட்சைக் கட்டணத்துக்குக் கொலுசை அடகு வைத்த அக்கா, ஆட்டை விற்ற அம்மா. முதல் பட்டதாரிச் சான்றிதழ் பட்டம் வாங்குகிறவருக்குத்தான், இவர்கள் கதைக்கு அதில் இடமில்லை. பழைய மாணவர் பக்கத்தில் இருக்கிறது. அந்த அண்ணன் இப்போது எங்கே இருக்கிறார், முதுகுவலிக்கு மருந்து சாப்பிடுகிறாரா, அவர் பிள்ளைகளை யார் படிக்க வைக்கிறார்கள்? டெக்சாஸ்காரர் இதைப் பற்றி ஒரு பத்தி எழுதி அனுப்பினால் அவருக்கு அரைப் பக்கம் கொடுக்கிறேன். இதுவரை அனுப்பவில்லை.

சரி, நீங்கள் என்ன எழுதுவது என்பதற்கு வருகிறேன். 'விவசாயம் செய்கிறேன்' என்று அனுப்பாதீர்கள், அது 'மேலாளராக இருக்கிறேன்' என்பதைப் போலவே ஒன்றும் சொல்லாத வரி. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதே, அப்போது உங்கள் செடியில் காய் இருந்ததா, இல்லை உழுது போட்டிருந்தீர்களா? குச்சி நட்டுக் கட்டியதால் செலவு எவ்வளவு ஏறியது, அழுகல் எவ்வளவு குறைந்தது? பறிப்புக் கூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் எல்லாம் போகப் பெட்டிக்கு என்ன நிற்கிறது? விலை எதற்குக் கீழே இறங்கினால் பறிக்காமல் செடியிலேயே விடுவது நஷ்டத்தைக் குறைக்கும்? அந்தக் கணக்கை உங்கள் வீட்டில் போடுவது யார், நீங்கள்தானே? அதற்கு பி.எஸ்சி. உதவியதா, உதவவில்லையா? உதவவில்லை என்றால் அதையும் தாராளமாக எழுதுங்கள், பல்கலைக்கழகத்துப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு பிரதி நானே அனுப்புகிறேன். டியூஷன் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள், பின்னமா, இயற்கணிதமா? நீங்கள் கேட்கிற வேலைவாய்ப்புச் செய்தி எந்த நாளிதழிலும் கிடைக்கும். பாலக்கோட்டில் கணிதப் பட்டதாரி ஒருவர் தக்காளிக் கணக்கை எப்படிப் போடுகிறார் என்பது வேறெங்கும் கிடைக்காது.

அடுத்த இதழிலிருந்து எல்லோருக்கும் ஒரே விதி. பிள்ளைகள் செய்தி ஒரு வரி, டெக்சாஸாக இருந்தாலும் பர்கூராக இருந்தாலும். பதவி உயர்வு என்றால் அந்தப் பதவியில் என்ன செய்கிறார் என்று சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் போடமாட்டோம். சால்வை போர்த்திக்கொண்ட படம் வேண்டவே வேண்டாம், வேலை செய்கிற இடத்தில் எடுத்த படம் அனுப்புங்கள். வேலை போனவர்கள், கடை மூடியவர்கள், பாதியில் திரும்பி வந்தவர்களும் எழுதலாம். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம்.

உங்களுக்கு இருநூறு வார்த்தை ஒதுக்கியிருக்கிறேன், இருபதாம் தேதிக்குள் வந்தால் போதும். பெயரோடு பிறந்த வீட்டு இனிஷியலையும் சேர்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கே யாரென்று தெரியாது.