கீழாநெல்லியும் சீந்திலும்: திருமங்கலத்து நண்பருக்கு

வணக்கம் ஐயா. சர்க்கரை நோயுள்ள தங்கள் தாயாருக்குக் கல்லீரலில் கொழுப்புப் படிந்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்ததால், கீழாநெல்லிச் சாற்றையும் சீந்தில் பொடியையும், சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சீந்திலைத் தயவுசெய்து தொடங்க வேண்டாம். அதை உட்கொண்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்துள்ளார்கள்.

கீழாநெல்லியின் சாறு, ஊசி மூலம் சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளின் கல்லீரலைக் காத்ததாக ஆய்வுகள் உண்டு என்றாலும், அளவிட்டு எலிக்குக் கொடுத்த சாறும் நம் பக்கத்து வயல் வரப்பில் பறித்து அரைக்கும் சாறும் ஒன்றல்ல. மேலும், அந்த மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடக்கூடும். முதியவருக்கு அது பெரும் ஆபத்து.

உடல் பருமன் இருப்பின், எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைவது கல்லீரல் அழற்சியைத் தணிக்கும் என்பது மனிதர்களிடமே கண்டறியப்பட்டது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் காட்டி, இதுவரை கொடுத்த மூலிகைகள் எவையாயினும் மறைக்காமல் சொல்லுங்கள்.