பழைய வரி பாக்கிக்குக் காலக்கெடு உண்டா?

பதினைந்து வருடத்துக்கு முந்தைய வருமான வரி பாக்கிக்கு இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது, இத்தனை நாள் கழித்து வசூலிக்க முடியுமா, காலாவதி ஆகியிருக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். காலாவதி ஆகாது. இந்த விஷயத்தில் தவறான பதிலை நம்பி அப்பாவின் பணத்தைப் போகவிட்டவன் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கும் யாரோ "ஆறு வருஷம் தாண்டினா கேட்க முடியாது" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் வரி விஷயம் தெரிந்த ஒருவர்தான் சொன்னார். அந்தக் கெடு இருப்பது பழைய கணக்கைத் திறந்து புதிதாக வரி போடுவதற்கு. அது முன்பு ஆறு வருடம், 2021-இல் மாறியது, 2024 செப்டம்பர் முதல் அதிகபட்சம் ஐந்தே கால் வருடம். ஏற்கெனவே போட்டு, இவ்வளவு கட்ட வேண்டும் என்று டிமாண்ட் ஆக்கிய வரியை வசூலிப்பது வேறு கதை. 1961 சட்டத்தில் 231 என்று ஒரு பிரிவு இருந்தது, வசூல் நடவடிக்கையை இத்தனை காலத்துக்குள் தொடங்க வேண்டும் என்று சொல்லும் பிரிவு. 1989 ஏப்ரலோடு அதை எடுத்துவிட்டார்கள். (2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம், எண்கள் மாறிவிட்டன. நான் சொல்வதெல்லாம் பழைய எண்கள். நான் ஆடிட்டரும் இல்லை, வக்கீலும் இல்லை.)

அப்பா கோவைப் பக்கம் ஒரு மில்லில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்து 2010-இல் ஓய்வு பெற்றார். மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். ஆனால் அந்த டிடிஎஸ் கணக்கைத் தாக்கல் செய்தபோது மில் ஆபீஸில் அவருடைய பான் எண்ணில் ஓர் எழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள். துறையின் கணக்கில் அவர் 2009-10 மதிப்பீட்டு ஆண்டுக்கு, அதாவது 2008-09-இல் வாங்கிய சம்பளத்துக்கு, ஒரு பைசா வரி கட்டவில்லை. 2011 மார்ச்சில் 18,640 ரூபாய்க்கு டிமாண்ட் போட்டிருக்கிறார்கள். அந்தக் கடிதம் நாங்கள் காலி செய்துவிட்ட வாடகை வீட்டுக்குப் போயிருக்கிறது.

2019-இல் அவருடைய எஃப்டி வட்டியில் பிடித்த வரிக்கு 14,300 ரூபாய் ரீஃபண்ட் வர வேண்டியிருந்தது. அதைப் பழைய பாக்கியில் கழித்துக்கொள்ளப் போகிறோம், முப்பது நாளில் பதில் சொல்லுங்கள் என்று 245-ஆவது பிரிவில் மின்னஞ்சல் வந்தது. அப்பாவின் மின்னஞ்சலைப் பார்ப்பது நான். "பத்து வருஷம் ஆச்சு, இனி கேட்க முடியாதுப்பா, விடுங்க" என்று சொன்னவனும் நான். முப்பது நாள் முடிந்தது, பணம் போனது. மாதத்துக்கு ஒரு சதவீதம் வட்டி வேறு ஓடிக்கொண்டிருந்ததால் அசலுக்கு ஏறக்குறைய சமமாக வட்டியும் நின்றது.

அப்புறம்தான் ஓடினேன். வரி பிடித்ததற்கு மில் கொடுத்த சான்றிதழான ஃபார்ம் 16-ஐ அப்பா பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். சம்பளம் வரவான பேங்க் பாஸ்புக்கும் இருந்தது. வரி அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் 154-ஆவது பிரிவில் திருத்தம் கேட்க, உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து நாலு வருடம்தான், அது 2015 மார்ச்சோடு முடிந்தது என்றார். டிடிஎஸ் கணக்கை மில்தான் திருத்தித் தர வேண்டும் என்றார். மில்லை மூடி ஐந்து வருடம் ஆகியிருந்தது. தவறைத் திருத்தச் சொல்ல எங்களுக்கு நாலு வருடம், வசூலிக்க அவர்களுக்குக் கெடுவே இல்லை. இதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

வரி ஏய்ப்பவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது வருவார்கள். இல்லை. வசூலுக்கு ஒரு கெடு வைத்தால், கோடிக்கணக்கில் பாக்கி வைத்துவிட்டு அது முடியும்வரை இழுத்தடிப்பவர்கள் இருப்பார்கள், அது எனக்கும் தெரியும். நான் பேசுவது சம்பளம் கைக்கு வரும் முன்பே வரி கொடுத்துவிட்டவர்களைப் பற்றி. பிடித்த வரியை மறுபடி ஊழியரிடம் கேட்கக் கூடாது என்று 205-ஆவது பிரிவே சொல்கிறது. நோட்டீஸ் கொடுத்துப் பதிலைக் கேட்டபிறகே ரீஃபண்டைக் கழிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் சொன்னது. நான் பதிலே போடவில்லை, அதுதான் என் தவறு.

     

2024 இடைக்கால பட்ஜெட்டில் 2009-10 நிதியாண்டு வரைக்குமான பாக்கியில் 25,000 ரூபாய் வரை, அடுத்து 2014-15 வரைக்கும் 10,000 ரூபாய் வரை கைவிடுவதாக அறிவித்தார்கள். 1962 வரை போகும் பாக்கிகள் இருப்பதாக நிதியமைச்சர் சொன்னார். பிப்ரவரி 13-ஆம் தேதி உத்தரவு வந்தது, ஓர் ஆளுக்கு மொத்தம் ஒரு லட்சம் வரைதான். அப்பாவின் மீதி பாக்கி அதில் மறைந்தது. ஏற்கெனவே கழித்த 14,300 வரவில்லை, அதற்கு அந்த உத்தரவில் இடமில்லை. நான் சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். "கட்டின வரிக்கு எதுக்குடா தள்ளுபடி?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

உங்கள் பாக்கி 2024-இல் போகவில்லை என்றால் தொகை பெரிதாக இருக்க வேண்டும். எதுவானாலும் நோட்டீஸில் சொன்ன நாட்களுக்குள் வருமான வரித் தளத்தில் நிலுவை டிமாண்டுக்குப் பதில் போடும் இடத்தில் ஏற்கவில்லை என்று போடுங்கள், ஃபார்ம் 16-ஐ இணையுங்கள். எந்த மதிப்பீட்டு ஆண்டு, எந்தப் பிரிவில் வந்தது என்று கீழே எழுதினால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.